சுவருக்குக் காயம் பட்டதா?

பெர்லினில் ஒரு பையன் ஒரே இரவில் இரண்டு சுவர்களில் தன் பெயரை நீலச் சாயத்தால் எழுதுகிறான் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று பழைய மணற்கல் சுவர். மற்றது பளபளக்கும் பீங்கான் ஓடு பதித்த சுரங்கப்பாதைச் சுவர். ஒரே டப்பா, ஒரே கை, ஒரே கிறுக்கல். 2005 செப்டம்பருக்கு முன்பு அவன் பிடிபட்டிருந்தால், மணற்கல் சுவருக்காகத் தண்டனை கிடைத்திருக்கும். ஓட்டுச் சுவருக்காகப் பெரும்பாலும் கிடைத்திருக்காது. அவனுடைய வயதுக்கும் நோக்கத்துக்கும் இதில் வேலையே இல்லை. கல்லில் துளைகள் இருந்தன, ஓட்டில் இல்லை. அவ்வளவுதான்.

தெருவோரத் தொல்லைகளை அடக்கச் சட்டம் கொண்டுவா என்ற குரல் எழாத நாடாளுமன்றம் கிடையாது. குப்பை போடுகிறவன், சுவரில் கிறுக்குகிறவன், இரவில் கூச்சல் போடுகிறவன் ஆகியோரைப் பற்றிப் பேச எந்த உறுப்பினருக்கும் கசக்காது. பிரிட்டன் 1998-ல் சமூக விரோத நடத்தைக்கென்றே தனி நீதிமன்ற ஆணை ஒன்றைக் கொண்டுவந்தது. ஜெர்மனியோ சுவர்க் கிறுக்கலை மட்டும் எடுத்துக்கொண்டு 1999 முதல் 2005 வரை மசோதாவுக்கு மேல் மசோதாவாக விவாதித்தது. அந்த விவாதத்தின் அடியில் அருமையான ஓர் அறிவியல் கேள்வி ஒளிந்திருந்தது. ஒரு பொருள் ‘சேதமடைந்தது’ என்று எப்போது சொல்லலாம்?

ஜெர்மன் தண்டனைச் சட்டம் 1871-ல் உருவானது. அதன் 303-வது பிரிவு, பிறர் பொருளைச் சேதப்படுத்துவதும் அழிப்பதும் குற்றம் என்கிறது. இரண்டு வருடம் வரை சிறை, அல்லது அபராதம். ஸ்ப்ரே பெயின்ட் என்பதை அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் கனவில்கூடக் கண்டிருக்க முடியாது. டப்பாவுக்குள் சாயத்தை அடைத்துப் பீய்ச்சும் வித்தை அமெரிக்காவில் எட்வர்ட் சீமோர் என்பவர் கைவண்ணத்தில் 1949-ல்தான் வந்தது.

பழைய சட்டமும் புதிய சாயமும் மோதுவதற்கு முன்பே, 1979 நவம்பரில், மேற்கு ஜெர்மனியின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு சுவரொட்டி வழக்கு வந்தது. அஞ்சல் துறைக்குச் சொந்தமான, தெருவோரத்தில் நிற்கும் தொலைபேசி இணைப்புப் பெட்டி ஒன்றில் யாரோ சுவரொட்டி ஒட்டிவிட்டார்கள். பெட்டி சேதமடைந்ததா? நீதிமன்றம் இல்லை என்றது. பெட்டியின் உலோகம் கெடவில்லை, அது செய்ய வேண்டிய வேலையையும் செய்துகொண்டுதான் இருக்கிறது. தோற்றம் மட்டும் மாறினால் பொதுவாக அது சேதம் ஆகாது. சிலை, நினைவுச் சின்னம் போன்று தோற்றமே பயனாக இருக்கிற பொருள்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

இந்தத் தீர்ப்பு அப்படியே கிறுக்கல் வழக்குகளுக்கும் பொருந்தியது. சாயம் பூசியதால் மட்டும் குற்றம் இல்லை. சாயம் சுவரின் உடம்புக்குள் இறங்கியிருக்க வேண்டும், அல்லது அதை நீக்கும்போது சுவர் புண்பட வேண்டும். அப்போதுதான் சேதம். கழுவினால் போய்விடும் என்றால், வீட்டுக்காரர் சிவில் நீதிமன்றத்தில் நஷ்டஈடு கேட்டுக்கொள்ளலாம், குற்றவியல் நீதிமன்றத்தில் வேலை இல்லை. ஆகவே அரசுத் தரப்பு என்ன செய்ய வேண்டியிருந்தது? கட்டடப் பொருள் நிபுணர் ஒருவரை அழைத்து, சுவரைப் பரிசோதித்து, அறிக்கை வாங்க வேண்டியிருந்தது. ஒரு கிறுக்கலுக்கு நிபுணர் அறிக்கை! அதற்கான செலவு, சில வழக்குகளில் சுவரைக் கழுவும் செலவையே மிஞ்சும் என்பதை யூகிக்க நிபுணர் தேவையில்லை.

அந்த நிபுணர் சுவரில் என்ன பார்ப்பார்?

ஸ்ப்ரே டப்பாவுக்குள் நான்கு சமாச்சாரங்கள் உண்டு. நிறம் கொடுக்கும் நிறமித் தூள், அதைச் சுவரோடு பிணைக்கும் பிசின், பிசினைக் கரைத்து வைத்திருக்கும் கரைப்பான், எல்லாவற்றையும் வெளியே தள்ள அழுத்தத்தில் திரவமாகியிருக்கும் புரோப்பேன், பியூட்டேன் போன்ற வாயு. டப்பாவைக் குலுக்கும்போது கடகடவென்று உருளும் சிறு குண்டின் வேலை, அடியில் தங்கிய நிறமியைக் கலக்கிவிடுவது. மூக்கை அழுத்தியதும் திரவ வாயு வெளிக்காற்றைத் தொட்ட கணத்தில் கொதித்து ஆவியாகிறது. அந்தச் சிறு வெடிப்பில் சாயம் நுண்ணிய துளிகளாகச் சிதறுகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை வாயு டப்பாவிலிருந்தே உறிஞ்சுவதால், எழுத எழுத டப்பா சில்லிட்டுப்போகும். பனிக்காலத்தில் கிறுக்குகிறவர்களுக்கு விரல் விறைத்துப்போவதற்கு பெர்லின் குளிர் மட்டும் காரணமல்ல.

துளிகள் பீங்கான் ஓட்டில் விழுந்தால் கதை சீக்கிரம் முடிந்துவிடும். கரைப்பான் பறந்துவிடும், பிசின் மெல்லிய தோலாக மேலே படியும். பொருத்தமான கரைப்பானில் நனைத்த துணியால் துடைத்தால் தோல் உரிந்து வரும். ஓட்டுக்கு எதுவும் நேரவில்லை.

மணற்கல் வேறு ரகம். அது மணற்குருணைகள் ஒன்றோடொன்று ஒட்டி உருவான பாறை. குருணைகளுக்கு நடுவே மைக்ரோமீட்டர் கணக்கில் இடைவெளிகள். இத்தனை குறுகிய குழாய்க்குள் திரவம் நுழைந்தால் புவியீர்ப்பால் அதை எளிதில் தடுக்க முடியாது. நுண்புழை விசை அதை இழுத்துக்கொண்டே போகும். ஒரு மைக்ரோமீட்டர் ஆரமுள்ள குழாயில் தண்ணீர், கணக்குப்படி, 14 மீட்டருக்கும் அதிகமான உயரம்வரை தானாக ஏறும். அதாவது நாலு மாடி. ஸ்ப்ரே பெயின்ட்டின் கரைப்பான் அவ்வளவு தூரம் போவதற்குள் ஆவியாகிவிடுகிறது என்பது நம் அதிர்ஷ்டம். ஆனால் முதல் சில மில்லிமீட்டருக்குள் அது நிறமியையும் பிசினையும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. அதன்பின் சாயத்தை எடுப்பது, ரசத்தில் ஊறிய வடையிலிருந்து ரசத்தை மட்டும் பிரித்தெடுக்கச் சொல்வதைப் போன்றதுதான்.

இதைவிடக் கொடுமை, துடைக்கத் துடைக்க நிலைமை மோசமாகும். கரைப்பானை ஊற்றினால் காய்ந்த சாயம் இளகும். இளகியது நீர்த்துப்போகும். நீர்த்ததை அதே நுண்புழைகள் இன்னும் ஆழத்துக்கு இழுக்கும். மேலே சுத்தமானதாகத் தெரிந்த சுவரில் சில நாளில் மங்கலாக அதே எழுத்து மறுபடி எட்டிப்பார்க்கும். சரி, தண்ணீரை அதிக அழுத்தத்தில் பீய்ச்சலாம் என்றால், சாயத்தோடு மணற்குருணைகளும் பெயர்ந்து வரும். சொரசொரப்பான அந்த முகம் முன்பைவிட வேகமாகப் புகையையும் அழுக்கையும் பிடிக்கும். லேசர் கொண்டு சுடுவதும் உண்டு. கருஞ்சாயம் ஒளியை விழுங்கி ஆவியாகிவிடும், வெளிறிய கல் ஒளியைத் திருப்பியனுப்பித் தப்பித்துக்கொள்ளும். எல்லா நிறத்துக்கும் இது ஒத்துவராது, செலவும் அதிகம்.

இதற்கு உலகப் புகழ் பெற்ற சாட்சி ஒன்று உண்டு. 2023 செப்டம்பரில் ‘கடைசித் தலைமுறை’ என்ற பருவநிலைப் போராட்டக் குழுவினர் பெர்லினின் பிராண்டன்பர்க் வாயிலின் தூண்களில் ஆரஞ்சு நிறச் சாயத்தைத் தீயணைப்புக் கருவிகளால் பீய்ச்சினார்கள். அந்த வாயில் 1791-ல் கட்டி முடிந்த மணற்கல் கட்டடம். தண்ணீரில் கரையும் சாயம்தான் என்றாலும் கல் அதைக் குடித்துவிட்டது. சுத்தம் செய்த செலவு ஒரு லட்சம் யூரோவைத் தாண்டியது.

இனி நாடாளுமன்றத்துக்கு வருவோம். பெர்லின் மாநில அரசு கிளப்பிய முயற்சி, மாநிலங்களின் அவையான புண்டஸ்ராட் வழியாக மசோதாவாக வந்தது. கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியினரும் தங்கள் மசோதாவைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் கேட்டது எளிமையானது. சேதப்படுத்துவது, அழிப்பது என்ற இரண்டோடு ‘அலங்கோலமாக்குவது’ என்பதையும் குற்றமாக்குங்கள். அப்போது ஆட்சியில் இருந்த சமூக ஜனநாயகக் கட்சியும் பசுமைக் கட்சியும் இதை ஏற்கவில்லை. இருக்கிற சட்டம் போதும், பதின்வயதுப் பையன்களைக் குற்றவாளி ஆக்காதீர்கள் என்பது ஒரு வாதம். இன்னொரு வாதம்தான் எனக்குச் சுவையானதாகப் படுகிறது. அலங்கோலம் என்று யார் சொல்வது? பார்க்கவே சகிக்காத சாம்பல் நிறக் கான்கிரீட் சுவரில் ஒருவன் அழகான ஓவியம் தீட்டிவிட்டால் அது அலங்கோலமா, அலங்காரமா? நீதிபதி ஒவ்வொரு வழக்கிலும் கலை விமர்சகராக மாற வேண்டியிருக்கும்.

இது வெறும் வக்கீல் குதர்க்கம் அல்ல. சுவிட்சர்லாந்தின் ஹாரால்ட் நேகெலி, சூரிச் நகரச் சுவர்களில் கம்பி போன்ற உருவங்களை இரவு இரவாக வரைந்தவர். 1981-ல் ஒன்பது மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டதும் ஜெர்மனிக்குத் தப்பினார். கலைஞர்களும் எழுத்தாளர்களும் அவருக்காகக் குரல் கொடுத்தார்கள். 1984-ல் ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம், கலைச் சுதந்திரம் என்பது அடுத்தவர் சொத்தின் மேல் கை வைக்கும் உரிமை அல்ல என்று சொல்லிவிட, அவர் சரணடைந்து தண்டனையை அனுபவித்தார். பின்னாளில் அதே சூரிச், அவர் வரைந்த உருவம் ஒன்றைப் பாதுகாக்க வேண்டிய கலைப்பொருளாக மதித்துப் புதுப்பித்தது. ஒரே சுவர், ஒரே கோடு. முதலில் குற்றம், பிறகு சொத்து.

விவாதம் நடந்த மண்டபத்தின் கதையோ இன்னும் வேடிக்கை. 1945-ல் சோவியத் படை ரைக்ஸ்டாக் கட்டடத்தைப் பிடித்தபோது வீரர்கள் கரியாலும் வண்ணச் சுண்ணக்கட்டிகளாலும் சுவரெல்லாம் தங்கள் பெயரையும் ஊரையும் எழுதிவைத்தார்கள். பின்னால் வந்த பராமரிப்பில் அவை பலகைக்குப் பின்னே மறைந்தன. தொண்ணூறுகளில் கட்டடத்தைப் புதுப்பித்த பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டர் அவற்றைக் கண்டெடுத்து, துடைக்காமல், பாதுகாத்து, அப்படியே வைத்துவிட்டார். ஆபாசமான, இனவெறி கொண்ட சில வரிகள் மட்டும் ரஷ்யத் தூதரகத்தைக் கலந்துகொண்டு நீக்கப்பட்டன. 1999-ல் ஜெர்மன் நாடாளுமன்றமான புண்டஸ்டாக் இங்கே குடிவந்தது. கிறுக்கலைக் குற்றமாக்கலாமா என்று வாதாடிய அதே பதவிக்காலத்தில், சொந்தச் சுவரில் உள்ள ரஷ்யக் கிறுக்கல்களில் ஒரு பகுதியை அழிக்கலாம் என்ற தீர்மானமும் வந்தது. 2002-ல் அதைத் தோற்கடித்தார்கள். கிறுக்கலுக்கு எதிராகச் சட்டம் போடப்போகிற உறுப்பினர்கள் கிறுக்கிய சுவரைக் கடந்துதான் அவைக்குள் போனார்கள். இதில் முரண்பாடு இல்லை என்று நினைக்கிறேன். சுவரின் உரிமையாளர் சம்மதித்தால் அது வரலாறு, சம்மதிக்காவிட்டால் குற்றம்.

கடைசியில் வென்றதும் ஏறக்குறைய அந்த எண்ணம்தான். 2005 ஜூனில் புண்டஸ்டாக் நிறைவேற்றி, செப்டம்பர் 8 முதல் அமலான திருத்தத்தில் ‘அலங்கோலம்’ இல்லை. அதிகாரமின்றி, பிறர் பொருளின் தோற்றத்தை, அற்பமல்லாத அளவில், தற்காலிகமல்லாத விதத்தில் மாற்றுவது குற்றம் என்றார்கள். அழகாக மாற்றினாயா, அசிங்கமாக மாற்றினாயா என்ற கேள்வியே கிடையாது. கல்லில் துளை உண்டா என்ற கேள்வியும் போயிற்று. சேதம் என்பது கல்லுக்குள்ளிருந்து கல்லின் தோற்றத்துக்கு இடம் மாறியது.

வேதியியல் மட்டும் வாசலில் காத்துக்கொண்டே இருக்கிறது. ‘தற்காலிகம்’ எது? குழந்தை நடைபாதையில் சுண்ணக்கட்டியால் வரைந்த சூரியன் அடுத்த மழையில் போய்விடும், குற்றமில்லை. பிசின் கலந்த சாயம் மழைக்கு அசையாது. அழுக்கு மண்டிய பாலத்தின் சுவரில், அழுக்கை மட்டும் துடைத்து ஒரு படத்தை உண்டாக்குகிற ஆசாமிகளும் இருக்கிறார்கள். எதையும் பூசவில்லை, சுத்தம்தான் செய்தார்கள். தோற்றம் மாறியதா? மாறியது. சேதமா? சட்டக் கல்லூரி மாணவர்களுக்கு நல்ல தேர்வுக் கேள்வி.

சட்டம் நிறைவேறிய அதே 2005-ன் வசந்தத்தில், பெர்லின்வாசிகளின் தலைக்கு மேல் வேறொரு நாடகம் நடந்தது. உள்துறை அமைச்சர் ஓட்டோ ஷிலி, எல்லைக் காவல் படையின் ஹெலிகாப்டர்களை அகச்சிவப்புக் கேமராவோடு இரவில் பறக்கவிட்டார். ரயில் பாதையோரம் பெயின்ட் அடிக்கும் பையன்களைப் பிடிப்பதற்கு! கிராய்ட்ஸ்பெர்க் பகுதியை உள்ளடக்கிய தொகுதியின் பசுமைக் கட்சி உறுப்பினர் ஹான்ஸ்-கிறிஸ்டியான் ஷ்ட்ரோபெலே இதைக் கடுமையாக எதிர்த்தார். ஒரு கிறுக்கலைத் தடுக்க ஊரின் தூக்கத்தைக் கெடுப்பது எந்த ஊர் நியாயம் என்று எனக்கும் கேட்கத் தோன்றுகிறது. ஆனாலும் அந்தக் கேமராவின் வம்சாவளியைச் சொல்லாமல் விட மனமில்லை.

ஜெர்மனியின் ஹனோவரில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய வில்லியம் ஹெர்ஷல், 1800-ல் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்தார். சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் வெப்பம் இன்னும் அதிகமாக இருந்தது. அகச்சிவப்புக் கதிரின் அறிமுகம் அதுதான். பெர்லினின் ஷார்லொட்டன்பர்க் ஆய்வகத்தில் பணியாற்றிய வில்ஹெல்ம் வீன் 1893-ல் ஒரு விதி கண்டார். ஒரு பொருள் எவ்வளவு சூடோ, அதற்கேற்ப அது உச்சமாக வெளியிடும் கதிரின் அலைநீளம் குறையும். சுமார் 33 டிகிரி வெப்பமுள்ள மனிதத் தோல், வீன் கணக்குப்படி, 9.5 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் அதிகமாக ஒளிர்கிறது. ஆம், நாம் எல்லோரும் இரவு முழுக்க ஒளிர்ந்துகொண்டுதான் இருக்கிறோம், நம் கண்ணுக்குத்தான் தெரிவதில்லை. 5 டிகிரி குளிர்ந்த சுவரைவிட நம் முகம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கதிரை உமிழ்கிறது. இந்தக் கதிர் சாதாரணக் கண்ணாடியை ஊடுருவாது. அதனால் இத்தகைய கேமராக்களுக்குப் பெரும்பாலும் ஜெர்மானியம் என்ற தனிமத்தால் லென்ஸ் செய்கிறார்கள். 1886-ல் ஃபிரைபெர்க்கில் கிளெமென்ஸ் விங்க்லர் கண்டுபிடித்துத் தன் தாய்நாட்டின் பெயரைச் சூட்டிய தனிமம் அது. 2013-ல் ஜெர்மன் ரயில்வேயும் வெப்பக் கேமரா பொருத்திய சிறு ட்ரோன்களைச் சோதிக்கப்போவதாக அறிவித்தது. கிறுக்கலால் அதற்கு அப்போது வருடத்துக்கு சுமார் 76 லட்சம் யூரோ செலவானது.

ஒரு கிறுக்கலுக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்? ஒரு கிறுக்கல் அடுத்த குற்றத்துக்கு அழைப்பு என்று அமெரிக்காவின் ஜேம்ஸ் வில்சனும் ஜார்ஜ் கெல்லிங்கும் 1982-ல் எழுதியதுதான் உலகம் முழுக்க அரசியல்வாதிகளின் மனப்பாடப் பகுதி. உடைந்த ஒரு ஜன்னலைச் சரிசெய்யாமல் விட்டால் மற்ற ஜன்னல்களும் உடையும் என்ற கருத்து. கால் நூற்றாண்டுக்குப் பிறகு இதை உருப்படியாகச் சோதித்தவர்கள், ஜெர்மன் எல்லைக்கு அதிகத் தொலைவில் இல்லாத டச்சு நகரமான குரோனிங்கனின் ஆய்வாளர்கள். சைக்கிள் நிறுத்தும் ஒரு சந்தில், ஒவ்வொரு சைக்கிளின் கைப்பிடியிலும் விளம்பரத் தாள் மாட்டினார்கள். குப்பைத் தொட்டி கிடையாது. சுவர் சுத்தமாக இருந்தபோது 33 சதவீதம் பேர் தாளைத் தரையில் போட்டார்கள். சுவரில் கிறுக்கிய பின் 69 சதவீதம் பேர். இன்னொரு சோதனையில், தபால் பெட்டியிலிருந்து 5 யூரோ நோட்டு தெரியும்படி ஓர் உறையைப் பாதி நீட்டி வைத்தார்கள். பெட்டி சுத்தமாக இருந்தபோது எடுத்தவர்கள் 13 சதவீதம். கிறுக்கிய பெட்டியில் 27 சதவீதம். 2008-ல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த இந்த எண்களைப் படித்து நான் சற்று அசந்துதான் போனேன். பெயின்டைத் தொடாத மனிதனைக்கூட பெயின்ட் தொடுகிறது.

உடனே ஹெலிகாப்டரைக் கிளப்பிவிட வேண்டாம். ஜெர்மனியில் மார்க் கொய்ஷ்னிக், டோபியாஸ் வோல்பிரிங் இருவரும் நடத்தி 2015-ல் வெளியிட்ட மூன்று களச் சோதனைகளும் விளைவு உண்மைதான் என்றன. ஆனால் சில்லறை மீறல்களில் மட்டும். பணயம் பெரிதாகும்போது சுற்றுப்புறத்தின் கோலம் மனிதனை மாற்றவில்லை. மேலும், அண்டை அயலார் ஒருவரையொருவர் அறிந்து பழகும் பகுதிகளில்தான் அலங்கோலத்தின் தாக்கம் கூடுதலாக இருப்பதற்கு அடையாளங்கள் தெரிந்தன. ஏற்கெனவே சிதைந்த பகுதியில் இன்னொரு கிறுக்கல் எதையும் சொல்வதில்லை போலும். அதற்கு முன் 1999-ல், சிகாகோவில் 23,000-க்கும் அதிகமான தெருத் துண்டுகளை வீடியோ எடுத்து ஆராய்ந்த ராபர்ட் சாம்ப்சனும் ஸ்டீபன் ராடன்புஷும், அலங்கோலம் குற்றத்தைப் பெறுவதில்லை, வறுமையும் அக்கம்பக்கத்தின் ஒற்றுமையின்மையும் இரண்டையும் சேர்த்தே பெறுகின்றன என்ற முடிவுக்கு வந்தார்கள். 2004-ல் அவர்களே இன்னொன்றையும் காட்டினார்கள். ஒரு தெரு எவ்வளவு அலங்கோலமாகத் தெரிகிறது என்பது, அங்கே கிடக்கும் குப்பையை மட்டுமல்ல, அங்கே யார் வசிக்கிறார்கள் என்பதையும் பொறுத்தது. கறுப்பின மக்களும் ஏழைகளும் அதிகம் வசிக்கும் தெரு, அதே அளவு குப்பையோடு, கூடுதல் குப்பையாகத் தெரிந்தது.

‘அலங்கோலம்’ என்ற அளவுகோலை ஜெர்மன் நாடாளுமன்றம் தூக்கிப்போட்டது எவ்வளவு சரி என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் வேண்டியதில்லை. கண்ணை நம்பினால், கண்ணில் இருக்கும் பாரபட்சத்தையும் சேர்த்தே சட்டமாக்க நேரும். கிறுக்கலை ஒழிக்க ஹெலிகாப்டரைவிடச் சோப்புத் தண்ணீர் மேல் என்பதற்கு நியூயார்க் சுரங்க ரயில் உதாரணம். 1984-ல் தொடங்கிய திட்டத்தில், சுத்தம் செய்த பெட்டியில் மறுபடி கிறுக்கினால் அதைத் துடைக்கும்வரை ஓட்டவே மாட்டோம் என்று பிடிவாதமாக நின்றார்கள். தன் எழுத்தை ஊர் பார்க்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறவனுக்கு, யாரும் பார்க்காத எழுத்தால் என்ன பயன்? 1989 மே மாதம் கிறுக்கல் உள்ள கடைசிப் பெட்டியையும் ஓட்டத்திலிருந்து எடுத்தார்கள்.

நம் தமிழ்நாட்டில் சுவர்க் கிறுக்கலுக்கு எதிரான சட்டம் ஜெர்மனிக்கு 46 வருடம் முன்பே வந்துவிட்டது. 1959-ன் திறந்தவெளி இடங்கள் அலங்கோலத் தடுப்புச் சட்டம், ஜெர்மானியர் வேண்டாம் என்று தள்ளிய சொல்லைத் தலைப்பிலேயே தாங்கியிருக்கிறது. தேர்தல் நெருங்கும்போது ஏதோ ஒரு கட்சியின் பெயரும் வருடமும் போட்டு முன்பதிவு செய்த சுவர்கள் அந்தச் சட்டத்தின் கண்ணெதிரே நிற்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வீட்டுக்காரர் அனுமதியின்றி அவர் மதிலில் எழுதக் கூடாது என்று தேர்தல் ஆணையத்தின் நடத்தை விதியும் சொல்கிறது. அடுத்த முறை உங்கள் மதிலில் வெள்ளையடிக்க வாளியோடு யாராவது வந்தால், எந்தக் கட்சி என்று கேட்பதற்கு முன்பு, யாரைக் கேட்டு வந்தீர்கள் என்று கேளுங்கள்.